கிரேக்கப் பழங்கதைகளில் மரமான மாந்தர்

1. முன்னுரை

மக்கள் மரமாயினர் எனக் கூறும் கதைகள் கிரேக்கப் பழங்கதைத் தொகுதியில் பல உள. அப்பொல்லோ துரத்திய தாஃப்னி லாரல் மரமானாள். உடன்பிறந்தானாகிய ஃபேதனை இழந்து ஆற்றங்கரையில் நின்று அழுத மகளிர் பாப்லர் மரங்களாயினர். தான் அருமையாகப் பேணிய மானைத் தானே அறியாது கொன்ற சிபாரிசஸ் என்னும் இளைஞன் சைப்பிரசு மரமானான். தந்தையை விழைந்த மிர்ரா, வெள்ளைப்போளம் வடிக்கும் மரமானாள். வறுமையிலும் விருந்தோம்பிய முதிய இணையராகிய ஃபிலெமோனும் பௌசிசும் ஓக்கு மரமும் லிண்டன் மரமுமாக அருகருகே நின்றனர்.

இக்கதைகள் யாவும் இன்று நம்மிடை வழங்குவது பெரும்பாலும் உரோமானியப் புலவர் ஓவிட் தந்த வடிவிலேயேயாம். அவர் கி.பி. 8ஆம் ஆண்டளவில் முடித்த ‘உருமாற்றங்கள்’ என்னும் 15 பகுதிகள் கொண்ட இலத்தீன் பெருநூல் ஏறத்தாழ 250 உருமாற்றங்களை உரைப்பது. அதன் சுவையில் ஈடுபட்ட பிற்காலத்தார், ஓவிட் கூறியதே கதையின் தொடக்கம் எனவும், காதலும் அவலமுமே அதன் கருப்பொருள் எனவும் கொண்டனர். இக்கொள்கை ஆராயத்தக்கது. மரத்திற்குரிய வழிபாடு முந்தியதா, மரமான மாந்தரின் கதை முந்தியதா என்பதும், மனிதர் மரமாதல் என்னும் கருத்து கிரேக்கரிடையே எவ்வழி வந்தது என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்பெறும்.

2. முன்னையோர் கொள்கைகள்

மாக்ஸ் முல்லர் 1856இல் எழுதிய ஒப்பியற் பழங்கதை ஆராய்ச்சியில், தாஃப்னி என்பது வைகறையைக் குறித்த பழஞ்சொல் என்றும், ஞாயிறு வைகறையைத் தொடர்ந்து செல்லுதலே அப்பொல்லோ மங்கையைத் துரத்திய கதையாயிற்று என்றும் கூறினார். சொல்லின் பழம்பொருளை மக்கள் மறந்தமையால், அதே பெயருடைய லாரல் மரம் கதையில் புகுந்தது என்பது அவர் கருத்து. அதன்பின் வில்ஹெல்ம் மன்ஹார்ட் 1875 முதல் 1877 வரை வெளியிட்ட நூலிலும், ஃபிரேசர் 1890இல் வெளியிடத் தொடங்கிய ‘பொற்கிளை’ என்னும் நூலிலும், மரத்தில் உயிர்த்தெய்வம் உறையும் என்னும் உழவர் நம்பிக்கையே இத்தகைய கதைகட்கு அடிப்படை எனக் காட்ட முயன்றனர். அண்மைக் காலத்தில் ஃபோர்ப்ஸ் இர்விங் 1990இல் வெளியிட்ட நூலில், இவற்றைக் கதைகளாகவே கொண்டு அவற்றின் அமைப்பை ஆராய்ந்தார்.

பெயரொற்றுமை கதைக்குத் துணை செய்தது என்பதில் ஐயமில்லை. கிரேக்கத்தில் ‘தாஃப்னி’ என்பதே லாரலின் பொதுப்பெயர். ‘ஸ்மிர்னா’ என்பதே வெள்ளைப்போளத்தின் பெயர். மரப்பெயர்கள் பெரும்பாலும் அம்மொழியில் பெண்பாற் சொற்களாக நிற்றலின், மரமானோருள் மகளிர் மிகுதியாதலும் இயல்பே. எனினும், சொல் ஒன்றே கதையைப் பிறப்பித்தது எனல் பொருந்தாது. சைப்பிரசைக் குறிக்கும் கிரேக்கச் சொல் பெண்பாலாயிருக்க, அம்மரமானவனோ இளைஞன். ஃபேதனின் உடன்பிறந்த மகளிர் பாப்லரின் பெயரைத் தாங்கவில்லை. ஓக்கு மரத்தைக் குறிக்கும் சொல்லை உட்கொண்டதாகத் தோன்றும் பெயருடைய திரையோப்பியோ, ஓக்கு மரமாகாது வேறு மரத்தோடு தொடர்புறுகின்றாள். ஆதலின், சொல்லாராய்ச்சியை ஒருபால் நிறுத்தி, சான்றுகளைக் கால முறைப்படி வைத்து நோக்குதல் வேண்டும்.

3. உடன்பிறந்த மரம்

ஹோமரின் காப்பியங்களில் மனிதர் கல்லாதலும் உண்டு, பறவையாதலும் உண்டு. நயோபி கல்லானதை இலியாது கூறுகின்றது; பாந்தாரியோசின் மகள் பாடும் பறவையானதை ஒடிசி குறிக்கின்றது. மரமானார் ஒருவரும் அவற்றுட் காணப்பட்டிலர்.

ஹோமர் பெயரால் வழங்கும் அஃப்ரோடைட்டித் துதியில் மரத்திற்கும் அணங்கிற்கும் உள்ள உறவு விளக்கமாகக் கூறப்படுகின்றது. மலையில் வாழும் நிம்ஃபு எனப்படும் அணங்குகள் பிறக்கும்போதே அவர்களுடன் ஓக்கும் ஊசியிலை மரங்களும் மண்ணினின்று எழுகின்றன. அம்மரங்கள் நிற்கும் இடம் தெய்வங்கட்கு உரியது. மாந்தர் அவற்றை இரும்பால் வெட்டுவதில்லை. மரம் காய்ந்து பட்டைசுருங்கி வீழுங்கால் அணங்கின் உயிரும் உடன் நீங்குகின்றது.

இங்கு உருமாற்றம் என்பது இல்லை என்பதைக் கூர்ந்து நோக்குக. அணங்கு மரமாகவில்லை, மரமும் அணங்கும் உடன்பிறந்து உடனிறப்பன. மனித வாழ்வு எதுவும் மரத்திற்கு முற்பிறப்பாகக் கூறப்படவில்லை. மரத்தை வெட்டலாகாது என்னும் தடை, கதை தோன்றுமுன்னரே நிலைபெற்றிருந்தது. கிரேக்கர் மரத்தைப் போற்றுதற்கு அஃது ஒருகால் மனிதராய் இருந்தது என்னும் கதை தேவைப்படவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

4. பிசின் வடிக்கும் மரங்கள்

அங்ஙனமாயின் மனிதர் மரமாதல் என்னும் கருத்து எங்கு முதலிற் காணப்படுகின்றது? கிடைத்துள்ள சான்றுகளின் அளவில், அது கி.மு. 5ஆம் நூற்றாண்டில் இரண்டு கதைகளில் தோன்றுகின்றது. இரண்டும் பிசினைப் பற்றியன.

முதலாவது ஃபேதனின் உடன்பிறந்தார் கதை. அம்மகளிர் பாப்லராகி ஆண்டுதோறும் எரிடானஸ் ஆற்றங்கரையில் கண்ணீர் வடிக்க, அஃதே ஆம்பர் என்னும் மஞ்சள்நிறப் புதைபிசினாயிற்று என்று கூறினோருள் முதல்வராக ஈஸ்கிலசைப் பிளினி குறிக்கின்றார். ஈஸ்கிலசின் அந்நாடகம் இன்று இல்லை. கி.மு. 428இல் அரங்கேறிய ‘ஹிப்பாலிட்டஸ்’ நாடகத்தில் யூரிப்பிடிசும் அம்மகளிரின் ஆம்பர்க் கண்ணீரைச் சுட்டுகின்றார்.

இரண்டாவது ஸ்மிர்னா கதை. ஓவிட் மிர்ரா எனக் குறிப்பவள் இவளே. அசீரிய மன்னன் தெயாசின் மகள் தந்தையோடு கூடிய பழியால் மரமானாள் என்றும், அம்மரம் பிளந்து அடோனிஸ் பிறந்தான் என்றும் கி.மு. 5ஆம் நூற்றாண்டினராகிய பன்யாசிஸ் கூறியதாக அப்பொல்லோடோரஸ் பெயரால் வழங்கும் தொகைநூல் எடுத்துரைக்கின்றது.

இவ்விரண்டிற்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. கிரேக்கர் பிசினை அறிவர். அது வடியும் மரத்தை அறியார். ஆம்பர் வடகடற் பகுதியினின்று கைமாறிக் கைமாறி வந்தது. மைசீனியில் 1876இல் சிலீமன் அகழ்ந்த கல்லறைகளில் ஆம்பர் மணிகள் மிகுதியாகக் கிடைத்தன. அவற்றிற் பெரும்பாலன பால்டிக் கடற்பகுதியின என்பதைக் கர்ட் பெக் 1964 முதல் நிகழ்த்திய அகச்சிவப்பு நிறமாலை ஆய்வுகள் நிறுவின. எனவே, யூரிப்பிடிசுக்கு ஓராயிரம் ஆண்டுகட்கு முன்னரே கிரேக்க மண்ணில் அப்பொருள் இருந்தது; அது பிறக்கும் இடமோ எட்டாத் தொலைவில் இருந்தது. வெள்ளைப்போளமும் தென்னரேபியாவினின்றும் ஆப்பிரிக்கக் கீழைக்கரையினின்றும் வணிகர் வழியே வந்ததாகும்.

இந்நிலையை ஹெரோடோட்டஸ் நன்கு உணர்ந்திருந்தார். வடகடலிற் கலக்கும் எரிடானஸ் என்னும் ஆறு உண்டென்பதை அவர் ஏற்கவில்லை. அப்பெயர் கிரேக்கப் பெயராகவே ஒலிக்கின்றது. யாரோ ஒரு புலவர் புனைந்தது போலும் என்பது அவர் துணிபு. ஆயினும் ஆம்பரும் வெள்ளீயமும் உலகின் கோடியிலிருந்தே வருகின்றன என்பதை அவர் மறுத்திலர். பிற்காலத்துப் பிளினி, புலவர்கள் ஆம்பரைப் பற்றி உரைத்தவற்றை எள்ளி நகையாடி, அது பைன் இனத்து மரத்தின் பிசின் இறுகியது என உண்மைக்கு அணித்தாகவே எழுதினார்.

அறியாத மரத்தின் அறிந்த பிசின் கண்ணீர் எனப்பட்டது. கண்ணீர் உண்டெனின் அழுவார் ஒருவர் உண்டு; அழுவார் உண்டெனின் அழுதற்கு ஒரு காரணம் உண்டு. உடன்பிறந்தானின் இறப்பு ஒன்றிலும், தீராப் பழி மற்றொன்றிலும் காரணமாயின. மனிதர் மரமாதல் என்னும் கதையின் ஓர் ஊற்று இதுவாதல் கூடும்.

5. தாஃப்னியும் டெல்ஃபியும்

இனி, கோயில் மரங்களின் கதைகளை நோக்குவாம். டெல்ஃபியில் லாரலின் சிறப்பு மிகப் பழையது. ஹோமர் பெயரால் வழங்கும் அப்பொல்லோத் துதி, பர்னாசஸ் மலையடியில் அத்தெய்வம் லாரலினின்று குறியுரைப்பதைக் கூறுகின்றது, தாஃப்னியைக் கூறவில்லை. டெல்ஃபியின் முதற்கோயில் டெம்பேப் பள்ளத்தாக்கினின்று கொணர்ந்த லாரற் கிளைகளால் ஆயது என்னும் ஊர்வழக்கைப் பௌசானியாஸ் பதிந்துள்ளார். கி.மு. 582 முதல் பித்திய விளையாட்டில் வென்றார்க்குப் பொருட்பரிசிலுக்கு மாறாக மாலையே சூட்டப்பட்டது.

தாஃப்னி கதையோ பிற்பட்டது. கி.மு. முதல் நூற்றாண்டினராகிய பார்த்தீனியஸ் தொகுத்த காதற் கதைகளில் அது விரிவாக வருகின்றது. அக்கதைக்கு முதலாக, கி.மு. 3ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஃபிலார்க்கஸ் பெயர் அந்நூற்படியில் குறிக்கப்பட்டுள்ளது. அதன்படி அவள் லக்கோனிய நாட்டு அமிக்லாசின் மகள், வேட்டை விரும்புபவள். லூசிப்பஸ் என்பான் பெண்ணுருக் கொண்டு அவளோடு பழகி வெளிப்பட்டு மறைந்தபின், அப்பொல்லோ தொடர, அவள் சியூசை வேண்டி மரமானாள். பௌசானியாஸ் அவளை ஆர்க்கேடியாவின் லாடோன் ஆற்றின் மகள் என்கின்றார். ஓவிட் அவளைத் தெசாலியின் பெனியஸ் ஆற்றின் மகளாக்குகின்றார். சிரியாவின் அந்தியோக்கிய நகரத்தாரோ தம் புறநகராகிய தாஃப்னியிலேயே அவள் மரமானாள் என்றனர். அங்குள்ள ஆறு ஒன்றனையும் லாடோன் என்று அழைத்தனர் என்பது ஃபிலோஸ்ட்ராட்டஸ் கூற்றாற் புலனாகின்றது.

ஒரு மங்கைக்கு இத்துணைப் பிறப்பிடங்கள் எங்ஙனம் பொருந்தும்? அந்தியோக்கியா கி.மு. 300இல் செலூக்கஸ் நிறுவிய நகரம். ஆண்டு லாரற் சோலையும் அப்பொல்லோ கோயிலும் அமைந்தபின் கதையும் ஆற்றின் பெயரும் அங்குச் சென்று சேர்ந்தன என்பது வெளிப்படை. ஓவிட் பெனியசைத் தேர்ந்ததற்கும் காரணம் காணலாம். டெல்ஃபியின் புனித லாரல் கொணரப்பெற்ற டெம்பேயின் வழியே பாய்வது அவ்வாறேயாகும். லாரல் வழிபாடு எங்கு வேரூன்றியதோ அங்கெல்லாம் தாஃப்னி பிறந்தாள் எனல் மிகையாகாது.

ஓவிட் இக்கதையைத் தொடங்கும் முறையும் இதற்குச் சான்று. முதற் பித்திய விளையாட்டின்போது லாரல் இல்லாமையால் வென்றார் ஓக்கிலை சூடினர் என்று கூறி, அதன்பின்னரே தாஃப்னியை அறிமுகம் செய்கின்றார். மாலைக்குக் காரணங் கூறவே கதை வந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. கதையின் இறுதியில் அம்மரம் அகஸ்டசின் வாயிலைக் காக்கும் என்கின்றார். கி.மு. 27இல் உரோமானியப் பேரவை அகஸ்டசின் வாயிலில் லாரல் அணியுமாறு தீர்மானித்தது. டெல்ஃபியின் மாலைக்குக் காரணமான கதை, இவ்வாறு உரோமின் அரசச் சின்னத்திற்கும் காரணமாக்கப்பட்டது.

6. திரையோப்பியின் இரு கதைகள்

கதை மாறிய வழியைத் தெளிவாகக் காட்டுவது திரையோப்பியின் வரலாறு. கி.மு. 2ஆம் நூற்றாண்டினர் எனப்படும் நிக்காண்டர் உருமாற்றங்களைப் பற்றிச் செய்த கிரேக்க நூல் மறைந்தது. அதன் பொருளை உரைநடையிற் சுருக்கித் தந்தவர் அந்தோனினஸ் லிபராலிஸ். இவர் நூலும் மேற்குறித்த பார்த்தீனியசின் நூலும் ஒரே கையெழுத்துப் படியால் நமக்கு எய்தின. ஹைடல்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள அப்படி கி.பி. 9ஆம் நூற்றாண்டினது. அஃது அழிந்திருப்பின் இவ்வாராய்ச்சிக்கே இடமிராது.

நிக்காண்டர் வழி வரும் கதையில் திரையோப்பி ஈட்டா மலையில் தந்தையின் ஆடுகளை மேய்ப்பவள். மர அணங்குகளின் விளையாட்டுத் தோழி. அப்பொல்லோவால் அவள் பெற்ற மகன் அம்ஃபிசஸ் நகரமைத்து ஆண்டான். அவள் கோயிலுக்குச் சென்றபோது, அணங்குகள் அன்பு மிகுதியால் அவளைக் கவர்ந்து சோலையில் மறைத்தனர். அவளிருந்த இடத்தில் ஒரு கரும்பாப்லரை எழச்செய்து, அருகே ஒரு நீரூற்றையும் தோற்றுவித்தனர். அவள் அணங்கானாள். மகன் அணங்குகட்குக் கோயில் எடுத்து ஓட்டப் போட்டியும் ஏற்படுத்தினான். அங்குப் பெண்டிர் செல்லலாகாது. ஏனெனில், அவள் கவரப்பட்டதை ஊரார்க்கு உரைத்த இரு கன்னியரை அணங்குகள் சினந்து ஊசியிலை மரங்களாக்கினர்.

இக்கதையில் மரமும், ஊற்றும், கோயிலும், போட்டியும், பெண்டிர்க்குள்ள தடையும் ஒவ்வொன்றாகக் காரணம் பெறுகின்றன. ஓர் ஊரின் வழிபாட்டிடம் அப்படியே கண்முன் நிற்கின்றது. திரையோப்பி மரமாகவில்லை என்பதும் கருதத்தக்கது. அவளுக்கு மாற்றாகவே மரம் நிற்கின்றது. உடனுறை அணங்கு என்னும் பழங்கருத்திற்கும் மனிதர் மரமாதல் என்னும் புதுக்கருத்திற்கும் இடைப்பட்ட நிலை இது.

ஓவிட் கூறுவது வேறு. குழந்தையை மார்பில் ஏந்தி வந்த திரையோப்பி அதன் மகிழ்ச்சிக்காக லோட்டஸ் என்னும் மரத்தின் பூவைக் கொய்கின்றாள். பூவினின்று குருதி சொட்டுகின்றது. அம்மரம் பிரையாபசுக்கு அஞ்சியோடிய லோட்டிஸ் என்னும் அணங்கு. அறியாது செய்த அப்பிழைக்காகத் திரையோப்பியும் மரமாகின்றாள். பட்டை கழுத்தளவு ஏறுமுன், தன் மகன் தன்னிழலில் விளையாடவும், தாய் இம்மரத்துள் மறைந்துள்ளாள் எனச் சொல்லப் பழகவும், இனி எம்மரத்துப் பூவையும் கொய்யாதிருக்கவும் வேண்டுகின்றாள். கோயில் இல்லை, போட்டி இல்லை, தடை இல்லை. ஊர் மறைந்து, தாயும் மகவும் மட்டுமே எஞ்சுகின்றனர்.

7. வெட்டுவார்க்கு ஒறுப்பு

மரங்களைக் காத்தது கதையா, சட்டமா என்னும் வினாவிற்குக் கல்வெட்டுகள் விடை தருகின்றன. ஆதென்சைச் சார்ந்த அப்பொல்லோ எரிதசியோஸ் கோயிலின் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதிக் கல்வெட்டு, கோயிலெல்லையில் மரம் வெட்டுதலையும், விறகும் உதிர்ந்த இலையும் எடுத்துச் செல்லுதலையும் விலக்குகின்றது. மீறியவன் அடிமையாயின் 50 கசையடி. உரிமையுடையோனாயின் 50 திராக்மா ஒறுப்பு. ஆதென்சின் புனித ஒலிவ மரங்களை அழித்தார்க்கு முற்காலத்தில் கொலைத்தண்டமே உரியதாயிருந்தது என அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் ஆதென்சு அரசியல் நூல் கூறுகின்றது. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒலிவ அடிமரம் ஒன்றனை அகற்றினான் எனக் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்காக லிசியாஸ் எழுதிய வழக்குரை இன்றும் உள்ளது. அவ்வழக்கில் தோற்பின் நாடு கடத்தலும் உடைமை பறித்தலும் நேரும். கோஸ் தீவில் அஸ்கிளிப்பியசின் சோலையைக் கப்பல் கட்ட வெட்டிய துருல்லியஸ், கி.மு. 30இல் அத்தீவிலேயே ஆக்டேவியனால் கொல்லப்பட்டான்.

ஆதென்சின் ஒலிவம் மங்கையொருத்தி மாறிய மரம் எனக் கருதப்படவில்லை. அத்தீனாவின் கொடையாகவே கொள்ளப்பட்டது. கதையின்றியே கடுந்தண்டம் நிலவியது. தண்டத்திற்கு அடிப்படை, மரம் தெய்வத்தின் உடைமை என்பதேயாம்.

எரிசிக்தோன் கதையிலும் இம்மாற்றம் காணப்படும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கல்லிமாக்கஸ் பாடிய துதியில், இருபதின்மர் துணையுடன் வந்து அவன் வெட்டும் பாப்லர் வலியால் அலற, டெமிட்டர் அதனைத் தன் மரத்தின் துன்பமாக உணர்கின்றாள். அணங்குகள் அம்மரத்தடியில் நண்பகலில் விளையாடுவோர் மட்டுமே. ஓவிட் கதையில் அது ஓக்கு மரம், குருதி பெருகுகின்றது, உள்ளுறையும் அணங்கு இறக்குங்கால் பேசுகின்றாள். உடைமைக்கு இழைத்த தீங்கு, உயிர்க்கொலையாகிவிட்டது.

ஆயினும் வழிபாட்டின் சுவடு ஓவிட் நூலில் முற்றும் மறையவில்லை. ஃபிரிஜியாவில் ஃபிலெமோனும் பௌசிசும் மாறிய மரங்களைச் சுற்றித் தாழ்ந்த மதில் உண்டு; கிளைகளில் மாலைகள் தொங்குகின்றன; கதை கூறுவோனும் புதுமாலை சார்த்துகின்றான். ஊரார் வழிபட்ட மரங்களே கதைக்கு நிலைக்களன் என்பதை அம்மதிலும் மாலையும் உணர்த்துகின்றன.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் போதருவன இவை. கிரேக்கரிடையே மரத்தைப் போற்றும் வழக்கு மிகப் பழையது. அதற்கு மரமான மாந்தரின் கதை வேண்டப்படவில்லை. மனிதர் மரமாதல் என்னும் கருத்து, சான்றளவில், கண்ணாற் காணாத மரங்களின் பிசினை விளக்கும் கதைகளில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் முதலில் தோன்றுகின்றது. பின்னர் வந்த புலவர்கள் அதனைக் கோயில் மரங்கட்கும் ஏற்றினர். வேறு வேறாக இருந்த இவ்விரண்டு ஊற்றுகளும் ஓவிட் நூலில் ஒன்றாயின. மறைந்த நூல்கள் பலவாதலின் இதனை முடிந்த முடிபு எனக் கூறேன். உள்ள சான்றுகள் இவ்வழியே சாய்கின்றன.

இதனால் ஓவிட்டின் சிறப்புக் குன்றாது. சட்டம் மரத்தைத் தெய்வத்தின் உடைமை எனக் காத்தது; உடைமைக்கு விலை 50 திராக்மா என வரையறுத்தது. ஓவிட்டோ அதற்கு ஒரு தாயின் குரலைக் கொடுத்தார். அக்குரல் அவர் படைப்பே ஆகலின், அதனைத் தொன்மையின் குரலெனக் கொள்ளுதல் பிழையாம். ஒரு கதையின் நிறைவடைந்த வடிவம் அக்கதையின் தொடக்கமாகாது. பெரும்புலவர் ஒருவர் பாடிய வடிவே நமக்கு எய்தும்போது, அவர் சேர்த்தவற்றோடு அவர் நீக்கியவற்றையும் தேடுதல் ஆராய்வார் கடன். திரையோப்பியின் மரத்தருகே இருந்த நீரூற்றையும் ஓட்டப் போட்டியையும் ஒரே ஒரு படி நமக்காகக் காத்து வைத்தது. அத்தகைய படி வாய்க்காத கதைகளில் ஓவிட் நீக்கியவை இன்னும் எத்துணையோ என்பது எண்ணத்தக்கது.